மல்லாட்டையைக் கைவிட்டது ஒப்பந்தமா, டெல்லியா?

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விலை இறங்கினால், பழி உடனே பாமாயில் மீது விழும். பாமாயிலுக்குக் கதவு திறந்துவிட்டது ஆசியான் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்தான் என்று அடுத்த வரியும் வரும். 2009 ஆகஸ்ட்டில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் குறைகள் உண்டு. ஆனால், கடலூர் மாவட்டத்தின் எண்ணெய் வித்து விவசாயிக்கு நேர்ந்த பாதிப்பின் பெரும்பங்கு ஒப்பந்தத்தால் வந்ததல்ல. ஒப்பந்தம் விட்டுவைத்த இடத்தைக்கூட நம் அரசு பயன்படுத்தாததால் வந்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. நோயைத் தவறாகக் கணித்தால், கேட்கும் மருந்தும் தவறாகவே இருக்கும்.

முதல் சான்று, ஒப்பந்தத்துக்கு முந்தைய வரலாறு. 1986இல் தொடங்கிய எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தின் பலனாக, 1990களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் இந்தியா கிட்டத்தட்டத் தன்னிறைவை எட்டியிருந்தது. 1994இல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. அப்போது 65 சதவீதமாக இருந்த சுங்க வரி, நான்கே ஆண்டுகளில் 15 சதவீதத்துக்கு இறங்கியது. உலக வர்த்தக அமைப்பில் பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போடும் உரிமையை இந்தியா கையில் வைத்திருந்த காலம் அது. வரியைக் குறைக்கும்படி எந்த ஒப்பந்தமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. தன்னிறைவு கரைந்தது டெல்லி எடுத்த முடிவால்தான்.

இரண்டாவது சான்று, ஒப்பந்தத்துக்குப் பிந்தைய கணக்கு. கச்சா பாமாயிலுக்கான வரி உச்சவரம்பை 80 சதவீதத்திலிருந்து 37.5 ஆகவும், சுத்திகரித்த பாமாயிலுக்கு 90இலிருந்து 45 ஆகவும் 2019 முடிவுக்குள் படிப்படியாகக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. இவை உச்சவரம்புகள் மட்டுமே. அவற்றுக்குக் கீழே எவ்வளவு வரி போடுவது என்பது நம் விருப்பம். 2022 பிப்ரவரியில் கச்சா பாமாயில் மீதான மொத்த வரி 5.5 சதவீதமாக்கப்பட்டது; 2024 செப்டம்பர் வரை அதே அளவில் நீடித்தது. பிறகு ஒரேயடியாக 27.5 சதவீதமானது. எட்டே மாதங்களில், 2025 மே இறுதியில், மீண்டும் 16.5 சதவீதத்துக்கு இறங்கியது. 37.5 சதவீதம் வரை போக ஒப்பந்தம் இடம் கொடுத்திருக்க, இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் நம் நிதியமைச்சகத்தின் அறிவிக்கைகளால் நிகழ்ந்தது. கடைசி வரிக்குறைப்பு வந்தபோது, ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை வாங்குவதா வேண்டாமா என்று மானாவாரி விவசாயி யோசித்துக்கொண்டிருக்கும் நேரம்.

அப்படியென்றால் ஒப்பந்தத்தால் பாதகமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2018 மார்ச்சில் கச்சா பாமாயிலுக்கு 44 சதவீதமும் சுத்திகரித்ததற்கு 54 சதவீதமும் வரி இருந்தது. 2019 ஜனவரியில் ஒப்பந்த அட்டவணைப்படி இரண்டையும் குறைத்தே தீர வேண்டியதாயிற்று. மலேசியாவுடனான தனி ஒப்பந்தத்தால் அந்நாட்டின் சுத்திகரித்த எண்ணெய்க்கு 45 சதவீதமே வரி என்றானதும் அதன் வரத்து பெருகியது. உள்நாட்டு ஆலைகளைக் காக்க அதே ஆண்டு செப்டம்பரில் 5 சதவீதப் பாதுகாப்பு வரி போட வேண்டிவந்தது. பாமாயிலில் பெரும்பகுதியை நமக்கு விற்பவை இந்தோனேசியாவும் மலேசியாவும்தான். இரண்டும் ஆசியான் நாடுகள். ஆகவே 300 சதவீதம் என்ற பழைய உரிமை இன்று ஏட்டளவில்தான் இருக்கிறது. அரசு தானாகக் குறைத்த வரியை மறுநாளே உயர்த்தலாம். ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறுவது கடினம். ஒப்பந்தத்தின் உண்மையான விலை இதுதான். ஆனால், கையில் மீதமிருக்கும் ஆயுதத்தையும் உறையிலேயே வைத்திருப்பவர், பறிபோன ஆயுதத்தைக் காரணம் காட்ட முடியாது.

விவசாயிக்குத் தேவை உயர்ந்த வரியைவிட, நிலையான வரி. இதை உணர கடலூர் மாவட்டத்தின் வளையமாதேவி வட்டாரத்தைப் பார்த்தால் போதும். 2023 ஜூலையில் என்.எல்.சி. சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, பச்சையாக நின்ற நெல் வயல்களில் பொக்லைன்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலமே உறுதியில்லாத பகுதியிலும் மக்கள் நெல்லைப் பயிரிடுகிறார்கள். நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது, என்ன விலை கிடைக்கும் என்பது நாற்று விடும்போதே தெரியும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மேற்கே விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் காட்டில் மல்லாட்டை போடுபவருக்கு அந்த உறுதி இல்லை. 2025-26க்குக் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த விலைக்கு வாங்க நெல்லுக்கு இருப்பதைப் போன்ற ஏற்பாடு கிடையாது. அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மறைமுகப் பாதுகாப்பு இறக்குமதி வரி. அதுவும் மாதத்துக்கு மாதம் மாறினால், அவர் எதை நம்பி விதைப்பார்?

ஏழை வீட்டு அடுப்பை மறந்து பேசுவதாக ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயில் பல குடும்பங்களுக்கு உயிர்நாடி. நாட்டின் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன், இறக்குமதியாகிறது. இதை ஒரே இரவில் நிறுத்த முடியாது. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை தரும் எண்ணெயை நிலக்கடலையால் எட்டவும் முடியாது. ஆனால் ரேஷன் எண்ணெய் மலிவாக இருப்பது அரசு தரும் மானியத்தால். அந்த மானியத்தில் ஒரு பகுதியைக் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் திருப்பினால், நுகர்வோர் கொடுக்கும் விலை கூடாமலே உள்ளூர் விளைச்சலுக்கு நிலையான கிராக்கி பிறக்கும். லிட்டர் கணக்கு மட்டும் பார்ப்பதும் குறைக்கணக்கு. மல்லாட்டையின் பிண்ணாக்கும் கொடியும் மாட்டுக்குத் தீனி, வேர்முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து. எண்ணெய்ப் பனை ஆண்டு முழுவதும் தண்ணீர் கேட்கும். மானாவாரிச் செம்மண்ணுக்கு அது மாற்றாகாது.

ஆசியான் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய 2023 ஆகஸ்ட்டில் இரு தரப்பும் இணங்கின. அந்தக் கூட்டமைப்புடன் நமக்குள்ள வர்த்தகப் பற்றாக்குறை 2010-11இல் சுமார் 500 கோடி டாலர். 2022-23இல் அது 4,300 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பாமாயிலுக்கான உச்சவரம்பை உயர்த்திக் கேட்பது நம் உரிமை, கேட்க வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை இரண்டு. கடலையின் சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால் பாமாயில் வரி ஒப்பந்த உச்சவரம்பு வரை தானாக உயரும்படியும், விலை மீண்டால் தானாக இறங்கும்படியும் ஒரு விதி வேண்டும். அந்த விதியை ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்பே அறிவித்து, பருவம் முடியும் வரை மாற்றாமல் இருக்க வேண்டும். மாநில அரசு ரேஷனுக்கான எண்ணெயில் ஒரு பங்கை நம் விற்பனைக்கூடங்களில் வரும் கடலையிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஜகார்த்தாவிடமோ கோலாலம்பூரிடமோ அனுமதி கேட்கத் தேவையில்லை.