தொண்டைப் போற்றும் கல்வி உதவித்தொகை: திருமணி கற்பிக்கும் பாடம்

மனிதநேயத் தொண்டினையும் சமாதானப் பணியினையும் போற்றும் பொருட்டு மாணவர்க்குக் கல்வி உதவித்தொகை நிறுவும் வழக்கம் நம் திருச்சபைகளிலும் கல்வி நிறுவனங்களிலும் உண்டு. நோக்கம் நன்று. ஆயினும், அதனை யாருக்கு, எந்த அளவுகோலைக் கொண்டு வழங்குவது என்று ஆராயத் தொடங்கியதும் இடர்ப்பாடு எழுகிறது. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்கலாம். குடும்ப வருமானத்தைச் சான்றிதழால் அறியலாம். தொண்டினை எவ்வாறு அளப்பது? மேலும், தொண்டாற்றியவருக்குப் பரிசு அளிப்பது எளிதில் விளங்குகிறது. படிப்பிற்கான தொகையை ஏன் அளிக்க வேண்டும்? தொண்டிற்கும் கற்றலுக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாவிற்கு விடை காணச் செங்கற்பட்டை அடுத்த திருமணிக்குச் செல்வோம்.

திருமணியில் 1924ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனின் பொறுப்பில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தோன்றியது. 1955இல் மத்திய அரசு அதனை ஏற்று, தொழுநோய்ப் போதனை, ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோயாளிகளுள் வறியோரைப் பிடித்து அடைத்து வைக்க 1898ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்திருந்த காலம் அது. நோயாளி ஊரையும் உறவையும் இழந்து வாழ்ந்தார். இங்கே பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940களில் சல்போன் மருந்தினை இந்நாட்டில் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டு, 1947இல் காக்ரேனின் அழைப்பை ஏற்றுத் திருமணிக்கு வந்தார். மடங்கி இறுகிய விரல்களையும் புண்பட்ட பாதங்களையும் கண்டு காரணம் வினவினார். தாம் தோல் மருத்துவர் என்றும், எலும்பையும் தசையையும் கற்றவரே இதற்கு விடை கூற வேண்டும் என்றும் காக்ரேன் பதிலளித்தார். பிராண்டு ஒரு நோயாளியின் கையைப் பற்றி, தம் கையை அழுத்துமாறு வேண்டினார். செயலற்றதென அவர் எண்ணிய கை, அவர் வலியால் துடிக்கும் அளவிற்கு இறுகப் பற்றியது! கையின் தசைகள் யாவும் செயலிழக்கவில்லை. வலுவுள்ளவை எஞ்சியிருக்கின்றன என்பது அந்நொடியில் விளங்கியது. அவ்வலுவுள்ள தசைகளின் நாண்களை மாற்றிப் பொருத்தி, விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறை வேலூரில் வளர்ந்தது. நோயால் விரல்கள் தாமே உதிர்வதில்லை. உணர்ச்சி இழந்தமையால் சூட்டையும் காயத்தையும் அறியாமையே பெருஞ்சிதைவுக்குக் காரணம் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கைகொடுக்க வந்த மருத்துவர், நோயாளியின் கையிடம் பாடம் கேட்டார். தொண்டர் மாணவரானார். பயன் அதன் பின்னரே விளைந்தது.

இவ்வுண்மைக்கு இறையியலாளர் ஒருவரும் சான்றாகிறார். ஆல்பர்ட் ஸ்வைட்சர் புதிய ஏற்பாட்டு ஆய்வில் புகழ் பெற்ற ஆசிரியர். முப்பதாம் வயதில் மருத்துவ மாணவராகி, 1913இல் ஆப்பிரிக்காவின் லாம்பரீனே சென்றார். 1952ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசுத் தொகையைத் தொழுநோயாளர் குடியிருப்பு அமைக்கச் செலவிட்டார். அவர் பெயரால் அமைந்த நல்கை 1979 முதல் மருத்துவ மாணவர்களை லாம்பரீனேக்கு அனுப்பி வந்துள்ளது. முடிந்த தொண்டிற்குச் சூட்டும் மாலையாக அன்றி, தொடங்கும் தொண்டிற்கு வழித்துணையாக அது அமைந்தது.

நோய் தீர்க்கும் பணி சமாதானப் பணி ஆவது எங்ஙனம் என்று கேட்கலாம். நம் நாட்டின் காந்தி அமைதிப் பரிசு தொழுநோயாளரிடையே பணிபுரிந்த பாபா ஆம்தேக்கு 1999ஆம் ஆண்டிற்கும், யோஹெய் சசகாவாவிற்கு 2018ஆம் ஆண்டிற்கும் வழங்கப்பட்டது. தொழுநோய் உடலை மட்டும் தாக்குவதன்று. மனிதர்க்கிடையே சுவர் எழுப்புவது. மணவிலக்கிற்கு அந்நோயைக் காரணமாகக் காட்டச் சட்டம் அளித்த இடம் 2019இல்தான் நீக்கப்பட்டது. சுவரைத் தகர்ப்பதே சமாதானம் என்பது எபேசியர் நிருபத்தின் போதனை. மாற்கு முதல் அதிகாரத்தின் இறுதியில் ஆண்டவர் குஷ்டரோகியைத் தொடுகிறார். பின்பு நிகழ்வது என்ன? புறம்பே நின்றவன் ஊருக்குள் செல்கிறான். ஆண்டவரோ ஊருக்குப் புறம்பே தங்குகிறார். இடமாற்றமே அங்கு சமாதானத்தின் விலை.

கற்றுக்கொள்ளாத தொண்டு எவ்வாறு தடுமாறும் என்பதைத் திருமணிக்குக் கிழக்கே உள்ள மாமல்லபுரக் கடற்கரை நமக்குக் காட்டிற்று. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஆழிப்பேரலை தாக்கியது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். உதவி வெள்ளமெனப் பெருகியது. ஆனால் தமிழகக் கரையோரங்களில் யாருக்கும் வேண்டாத பழந்துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. மீனவர் எனக் கணக்கிடப்படாத இருளரும் தலித் கூலித்தொழிலாளரும் பலவிடங்களில் நிவாரணத்தில் பின்தள்ளப்பட்டனர். கொடுக்க வந்தோர் பலர். கேட்டறிய அமர்ந்தோர் சிலர்.

அவ்விருளரை வாங்குவோராக மட்டும் காண்பதும் பிழையே. மாமல்லபுரம் சாலையில் உள்ள வடநெம்மேலியில் 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்து அனுப்பும் நஞ்சு, நச்சுமுறி மருந்தாகிப் பாம்புக்கடிக்கு உள்ளானோரைக் காக்கிறது. இம்மாவட்ட இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவர்களுடைய கல்வி எந்த மதிப்பெண் பட்டியலிலும் இல்லை.

எனவே, இத்தகைய உதவித்தொகையை நிறுவுவோர்க்கு மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம். முதலாவது, மாணவர் எத்தனை முகாம்களில் கலந்துகொண்டார் என்பதைவிட, அங்கிருந்த மக்களிடம் என்ன கற்றார், அதனால் தம் வழியில் எதனை மாற்றிக்கொண்டார் என்று கேட்க வேண்டும். இரண்டாவது, நற்சான்றினைப் போதகரிடமும் முதல்வரிடமும் மட்டும் பெறாமல், தொண்டினைப் பெற்ற மக்களிடமும் கேட்க வேண்டும். மூன்றாவது, தொழுநோயர் குடியிருப்பிலும் இருளர் குடியிலும் பிறந்த பிள்ளைகள் விண்ணப்பிக்கும் வழியைத் திறக்க வேண்டும். தம் முகவரியை எழுதவே தயங்கும் மாணவர் நம்மிடையே உளர். அம்முகவரியைக் கண்டு முகம் சுளிக்கும் குழு, எவ்வளவு பெருந்தொகை வழங்கினும், சமாதானத்தின் பெயரைச் சூட்டிக்கொள்ளத் தகுதியற்றது.

தொகை சிறிதாயினும் குறையில்லை. பிறர் தொடத் தயங்கும் கையைப் பற்றி, அதனிடம் கற்க முன்வரும் ஒரு மாணவரை அது உருவாக்குமாயின், அதனை நிறுவியோர் நோக்கம் நிறைவேறிற்று எனலாம்.