அமிலம் குறைக்கும் மாத்திரை: எதற்காக, எப்போது, எதுவரை?

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், இரைப்பைப் புண் ஆகியவற்றுக்கு அமிலம் குறைக்கும் மருந்துகள் வழங்கப்படுகின்றன. மக்கள் வழக்கில் இவை ‘கேஸ் மாத்திரை’ எனப்படும். முறையாக உட்கொண்டால் இவை பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானவை. இரத்தக்கசிவு போன்ற கடும் விளைவுகளையும் தடுக்க வல்லவை. ஆனால் காரணம் அறியாமல், கால வரையறையின்றித் தாமாகவே தொடர்ந்து உட்கொள்ளும்போது, இம்மருந்துகள் நோயைக் குணப்படுத்துவதற்குப் பதிலாக அதனை மறைத்துவிடக்கூடும்.

காஞ்சிபுரம் போன்ற நெசவு நகரத்தில் இவ்விழிப்புணர்வு மிகவும் தேவை. குழித்தறியில் நாள் முழுதும் குனிந்து நெய்பவர்கள் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் வலி நிவாரணிகளை நாடுவதுண்டு. கோயில் நகரமாதலால் விரதம் இருப்போரும் பலர். இவ்விரு சூழல்களையும் கருத்திற்கொண்டு, எதற்காக, எப்போது, எதுவரை என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடையளிக்கிறது.

மருந்துகள் எவ்வாறு செயல்படுகின்றன?

இரைப்பையின் உட்சுவரில் உள்ள சில செல்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. உணவைச் செரிக்கவும், உணவுடன் உட்புகும் கிருமிகளை அழிக்கவும், இரும்பு, வைட்டமின் பி12 போன்ற சத்துகளை உடல் ஏற்கவும் இவ்வமிலம் உதவுகிறது. எனவே அமிலம் உடலின் பகை அன்று. தவறான இடத்தில் ஏறும்போதும், புண்ணின்மீது படும்போதும் மட்டுமே அது துன்பம் தருகிறது.

இம்மருந்துகள் மூன்று வகைப்படும்.

• அமில முறிப்பான்கள்: அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு அடங்கிய திரவங்களும் மென்று விழுங்கும் மாத்திரைகளும் இவ்வகையின. ஏற்கெனவே சுரந்த அமிலத்தை உடனே முறிக்கும். பயன் சிறிது நேரமே நீடிக்கும்.

• அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹிஸ்டமினைத் தடுப்பவை: ஃபாமோடிடின், ரானிடிடின் ஆகியவை இவ்வகையின. ரானிடிடினில் என்.டி.எம்.ஏ. என்னும் மாசுப்பொருள் கண்டறியப்பட்டதால், 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதனைச் சந்தையிலிருந்து விலக்கக் கோரியது. இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. பழைய சீட்டின்படி இன்றும் அதனை உட்கொள்பவர் மாற்று மருந்து குறித்து மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

• அமிலச் சுரப்பையே நிறுத்துபவை: ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், ஈசோமிப்ரசோல் ஆகியவை இவ்வகையின. அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய ‘பம்பு’களை இவை முடக்குகின்றன. மூன்று வகைகளுள் இவையே வலிமை மிக்கவை. முழுப் பயன் கிடைக்க மூன்று, நான்கு நாட்கள் ஆகலாம்.

எதற்காக உட்கொள்கிறீர்கள்?

மாத்திரையை விழுங்கும் முன், அது எந்த நோய்க்காகத் தரப்பட்டது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பொதுவான காரணங்கள் வருமாறு.

எதுக்களிப்பு: இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவதால் நெஞ்செரிச்சலும் வாயில் புளிப்பும் உண்டாகும். உண்டவுடன் தறியில் அமர்ந்து முன்குனிந்து நெய்யும்போது வயிற்றின் அழுத்தம் கூடி, இத்தொல்லை மிகலாம்.

கிருமியால் வரும் புண்: காரமும் கவலையுமே அல்சருக்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா இதற்கு முக்கியக் காரணம் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் வெளிப்படுத்தினர். அதற்காக அவர்களுக்கு 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கிருமி இருந்தால், அமிலம் குறைக்கும் மாத்திரையுடன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் குறித்த நாட்கள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். வலி நின்றதும் இடையில் நிறுத்தினால் கிருமி எஞ்சிவிடும். புண் மீண்டும் வரும்.

வலி நிவாரணியால் வரும் புண்: டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைக் குலைக்கின்றன. முதியோருக்கும், முன்பே புண் வந்தவர்களுக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் இதனால் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் அதிகம். இத்தகையோருக்கு வலி நிவாரணி தேவைப்படும்போது, பாதுகாப்புக்காக அமிலம் குறைக்கும் மாத்திரையையும் மருத்துவர் சேர்த்துத் தருவார்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டியுள்ளது. ‘கேஸ் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டால் வலி மாத்திரையை எத்தனை நாள் வேண்டுமானாலும் போடலாம்’ என எண்ணுவது ஆபத்தானது. அமிலம் குறைக்கும் மருந்து இரைப்பைக்கு ஓரளவு பாதுகாப்புத் தரும். வலி நிவாரணியால் சிறுநீரகத்துக்கு நேரும் கேட்டை அது தடுக்காது. மேலும், வலி நிவாரணியால் உண்டாகும் புண் பல வேளைகளில் வலிப்பதே இல்லை. கறுத்த மலமே அதன் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். தறி வேலையால் வரும் தொடர்வலிக்கு உடற்பயிற்சி, இருக்கையைச் சீர்செய்தல், இயன்முறை சிகிச்சை, மேற்பூச்சு மருந்து முதலிய வழிகள் உள்ளனவா என மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது உட்கொள்ள வேண்டும்?

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள், உணவின்போது இயங்கத் தொடங்கும் பம்புகளையே முடக்குகின்றன. ஆகவே காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் வெறும் வயிற்றில் நீருடன் விழுங்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு, உண்ணாமலே நண்பகல்வரை தறியில் இருந்தால் அதன் பயன் குறையும்.

• மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. அதன் மேலுறை, மருந்து இரைப்பை அமிலத்தில் சிதையாமல் காக்கிறது. விழுங்க இயலாதவர்களுக்கு வேறு வடிவம் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.

• ஒருவேளை மறந்துவிட்டால், அடுத்த உணவுக்கு முன் உட்கொள்ளலாம். விட்டதை ஈடுசெய்ய இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கக் கூடாது.

• ‘டோம்பெரிடோன்’ கலந்த மாத்திரைகளும் கடைகளில் உள்ளன. இம்மருந்து சிலருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். இதய நோயாளிகளும் முதியோரும் மருத்துவர் அறிவுரையின்றி இதனை உட்கொள்ளக் கூடாது. எவரும் மாதக்கணக்கில் தாமாகத் தொடரக் கூடாது.

விரத நாட்களில்: ஏகாதசி, புரட்டாசிச் சனிக்கிழமை, சஷ்டி முதலிய நாட்களில் விரதம் இருப்போர், அன்றைய முதல் உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக மாத்திரையை உட்கொள்ளலாமா என மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இரத்தக்கசிவுடன் கூடிய புண்ணுக்கு அண்மையில் சிகிச்சை பெற்றவர்களும், நீரிழிவு மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் விரதம் மேற்கொள்ளலாகாது. விரதத்தை முடிக்கும்போது ஒரே நேரத்தில் வயிறு நிறைய உண்பதும், உண்டவுடன் படுப்பதும் எதுக்களிப்பை உண்டாக்கும்.

பிற மருந்துகளுடன் சேரும்போது

உங்கள் வீட்டில் உள்ள அனைத்து மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை:

• குளோபிடோக்ரெல்: இதய அடைப்புக்கும் ‘ஸ்டென்ட்’ பொருத்தியவர்களுக்கும் தரப்படும் இம்மருந்தின் பயனை ஒமிப்ரசோலும் ஈசோமிப்ரசோலும் குறைக்கக்கூடும். மருத்துவர் மாற்று மருந்தைத் தேர்வார்.

• தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை: அமிலம் குறைந்தால் இவற்றை உடல் ஏற்பதும் குறையலாம். தைராய்டு அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

• மெட்ஃபார்மின்: நீரிழிவுக்கான இம்மருந்தும் வைட்டமின் பி12 அளவைக் குறைக்கக்கூடியது. இரண்டையும் ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்கள், குறிப்பாகச் சைவ உணவினர், பி12 பரிசோதனை குறித்துக் கேட்பது நன்று.

• அமில முறிப்பான் திரவங்கள்: சில நுண்ணுயிர்க்கொல்லிகளையும் இரும்புச்சத்தையும் உடல் ஏற்பதை இவை தடுக்கும். இத்திரவத்துக்கும் பிற மருந்துகளுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். சிறுநீரக நோயாளிகள் இவற்றைத் தாமாக அருந்தக் கூடாது. உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் சோடா உப்பு கரைத்துக் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே எந்த வகையையும் உட்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குத் தந்த மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

எதுவரை உட்கொள்ள வேண்டும்?

எதுக்களிப்புக்கும் புண்ணுக்கும் பொதுவாக 4 முதல் 8 வாரங்கள் போதுமானவை. அதன்பின் மருந்தை நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா, தொடர்வதா என மருத்துவர் முடிவு செய்வார். ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோரிடம் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறைபாடும், எலும்பு முறிவும், குடல் தொற்றும் சற்று மிகுதியாகக் காணப்படுகின்றன. அரிதாகச் சிறுநீரக அழற்சியும் ஏற்படலாம். தசைப்பிடிப்பு, கைகால் மரத்துப்போதல், நிற்காத வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றினால் தெரிவியுங்கள்.

நெடுநாள் உட்கொண்டு திடீரென நிறுத்தினால், சில வாரங்களுக்கு அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கலாம். ‘மாத்திரை இல்லாமல் இருக்கவே முடியவில்லை’ எனச் சிலர் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவர் வழிகாட்டலுடன் படிப்படியாகக் குறைத்தால் இதனைக் கடக்கலாம்.

அதேவேளை, பக்கவிளைவுக்கு அஞ்சி நீங்களே நிறுத்திவிடவும் கூடாது. முன்பு புண்ணால் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்கும், ஆஸ்பிரினும் இரத்தம் உறையாமைக்கான மருந்தும் உட்கொள்பவர்களுக்கும் இம்மாத்திரை உயிர்காப்பாக இருக்கலாம்.

மறைக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் மாத்திரையால் சமாளிக்க முயலாமல் மருத்துவரை நாடுங்கள்:

• உணவு விழுங்கும்போது சிக்குதல் அல்லது வலித்தல்
• காரணமின்றி எடை குறைதல், பசியின்மை
• தொடர் வாந்தி
• இரத்தசோகை, மிகுந்த சோர்வு
• நடுத்தர வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் செரிமானத் தொல்லை

இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், வியர்வையுடன் நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் ஆகியவை அவசர நிலைகள். மாரடைப்பை ‘கேஸ்’ என எண்ணிக் காத்திருத்தல் உயிருக்கு ஆபத்து. உடனே 108 எண்ணை அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கலாம். ஆயினும் அதனை நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

விழுங்குவதில் சிரமம் என்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயின் முக்கிய அறிகுறி. காஞ்சிபுரத்தில் பிறந்த முன்னாள் முதலமைச்சர் சி. என். அண்ணாதுரை 1969-இல் இந்நோயால்தான் மறைந்தார். அவர் நினைவாகக் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. அமிலம் குறைக்கும் மாத்திரை, புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளையும் சில காலம் தணித்துவிடக்கூடும். அதனால் நோயறிதல் தாமதமாகும். எண்டோஸ்கோபி அல்லது கிருமிப் பரிசோதனை செய்யவிருந்தால், இம்மாத்திரை உட்கொள்வதை முன்கூட்டியே தெரிவியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு முன் பொதுவாக இரண்டு வாரங்கள் இதனை நிறுத்துமாறு கூறுவர்.

அன்றாட வாழ்வில் செய்ய வேண்டியவை

• உண்ட பின் சற்று நடந்து, சிறிது நேரம் கழித்துத் தறியில் அமருங்கள்.
• இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே இரண்டு முதல் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரவில் எரிச்சல் உள்ளவர்கள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளலாம்.
• புகையிலை, வெற்றிலையுடன் மெல்லும் புகையிலை, மது ஆகியவற்றைக் கைவிடுங்கள். உடல் எடை மிகுந்திருந்தால் குறையுங்கள்.
• மிளகு, சுக்கு சேர்ந்த காஞ்சிபுரம் இட்லியை அனைவரும் விலக்க வேண்டியதில்லை. எந்த உணவு உங்களுக்கு எரிச்சல் தருகிறது என்பதைக் கவனித்து, அதனை மட்டும் குறைத்தால் போதும்.

பராமரிப்பாளர்களுக்கு

வீட்டு முதியவரின் மாத்திரைப் பெட்டியில், ஒரே மருந்து இரு வேறு வணிகப் பெயர்களில் உள்ளதா எனப் பாருங்கள். அட்டையின் மேலுள்ள பெரிய எழுத்துப் பெயரை விட, கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரே முக்கியம். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்றவை மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டியவை. மருந்துக் கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்குவதைத் தவிருங்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம் வீட்டிலேயே மருந்து பெறுவோர், வருகை தரும் பணியாளரிடம் இம்மாத்திரைகளைப் பற்றியும் கூறலாம்.

ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டதாகக் கருதினால், மருத்துவரிடம் தெரிவிப்பதுடன் 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் பதிவு செய்யலாம்.

அடுத்த முறை அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லும்போது, இம்மாத்திரை எந்த நோய்க்காக, எந்த வேளையில், எந்த நாள்வரை என மருத்துவரிடம் கேட்டு, மூன்று விடைகளையும் மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.