விகுதி சொல்லும் சேதி

சென்ற வாரம் நேர்மின் அயனிகளின் பெயர்களைப் பார்த்தோம். அங்கே வேலை எளிது. எலக்ட்ரானை இழந்த பிறகும் சோடியத்தின் பெயர் சோடியம்தான். எதிர்மின் அயனிகளுக்கு வந்ததும் மாணவர்கள் திணறுகிறார்கள். குளோரைடு, குளோரைட்டு, குளோரேட் என்று காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும் பெயர்களை அட்டவணையாகக் கொடுத்து உருப்போடச் சொல்கிறோம். அட்டவணையாகக் கொடுப்பதே பிழை என்பது என் வாதம். இவை இலக்கணம் உள்ள சொற்கள். ‘வந்தான்’ என்பதைப் பகுதி, விகுதியாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இவற்றையும் அப்படியே பிரித்துக் காட்டலாம். குளோர் என்ற பகுதி எந்தத் தனிமம் என்று சொல்கிறது. பின்னால் வரும் விகுதி, அது தனியாக நிற்கிறதா, ஆக்சிஜனோடு சேர்ந்து நிற்கிறதா என்று சொல்கிறது.

வயலுக்கு இடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். முன்னதில் குளோரின் தனித்து நிற்கிறது; பின்னதில் ஒவ்வொரு குளோரினோடும் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன. குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் உரசும்போது அந்த ஆக்சிஜன்தான் வெளிப்பட்டுத் தீயை மூட்டுகிறது. மூன்றையும் இழந்த குளோரேட் குளோரைடு ஆகிவிடுகிறது. கருகிய தலைக்குள் நடந்த மாற்றம் அத்தனையும் பெயரின் வாலில் தெரிகிறது. அட்டவணையாகப் படித்த மாணவருக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

இந்த இலக்கணத்துக்குப் பிறந்த ஆண்டு உண்டு. 1787இல் பாரிஸில் கிட்டோன் தெ மோர்வோ, லவாசியே, பெர்த்தொலே, ஃபுர்குருவா ஆகிய நால்வர் சேர்ந்து வேதியியல் பெயர்முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கு முன் ஒரு பொருள் கிடைத்த ஊரோ, அதோடு தொடர்புடைய ஆளோ பெயராக ஒட்டிக்கொண்டது: எப்சம் உப்பு, கிளாபர் உப்பு. நம்மிடமும் மயில்துத்தம், அன்னபேதி என்ற அழகான பெயர்கள் உண்டு. முன்னது தாமிர சல்பேட், பின்னது இரும்பு சல்பேட். இரண்டும் ஒரே எதிர்மின் அயனியைச் சுமக்கும் உறவினர்கள் என்று பழைய பெயர்கள் காட்டுவதில்லை. புதிய பெயர்கள் காட்டுகின்றன. ஃபாரடே ‘அயனி’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1834இல்தான். அயனி என்ற சொல் வருவதற்கு 47 ஆண்டுகள் முன்பே அதற்கான விகுதிகள் தயாராக இருந்தன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நைட்ரேட்டில் ஆக்சிஜன் மூன்று, சல்பேட்டில் நான்கு. எண்ணிக்கையையே சொல்லாத விகுதி என்ன விகுதி? உண்மைதான், அது எண்ணிக்கை சொல்வதில்லை. ஒரு குடும்பத்துக்குள் யாருக்குக் கூட, யாருக்குக் குறைவு என்று மட்டும் சொல்கிறது. ஆகவே குடும்பத்துக்கு ஒரு ‘ஏட்’ உறுப்பினரை, அதன் மின்சுமையோடு, மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். குளோரேட்டுக்கு ஆக்சிஜன் மூன்று, மின்சுமை எதிர் ஒன்று. ஒரு ஆக்சிஜன் கூடினால் பெர்குளோரேட், குறைந்தால் குளோரைட்டு, இன்னொன்றும் குறைந்தால் ஹைப்போகுளோரைட்டு. நான்கிலும் மின்சுமை மாறவில்லை. ஒன்றைப் படித்தவருக்கு மூன்று இலவசம். ஹைட்ராக்சைடு, சயனைடு போன்றவை விதிக்கு அடங்காதவைதான். பெர்மாங்கனேட்டிலும் மாங்கனேட்டிலும் ஆக்சிஜன் நான்கே, மாறுவது மின்சுமை. நம் இலக்கண நூல்களிலும் புறனடை உண்டு. அதற்காக விதியை யாரும் கைவிட்டதில்லை.

எண்ணிக்கையைச் சொல்லும் முறையான பெயர்களையே கற்பிக்கலாமே என்றும் கேட்கலாம். பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டுப் பரிந்துரையில் நைட்ரேட்டுக்கு ட்ரைஆக்சிடோநைட்ரேட் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அதே பரிந்துரை நைட்ரேட் என்ற பழைய பெயரையும் ஏற்கிறது. உரமூட்டையிலும் ஆய்வகப் புட்டியிலும் மாணவர் பார்க்கப்போவது பழைய பெயரைத்தான்.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் உள்ள பொறுப்பு ஒன்று இருக்கிறது. பாடு, பாட்டு; காடு, காட்டு. ஒற்றை டகரம் மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். ஆங்கிலம் வேறு எழுத்தைப் போட்டுக் காட்டும் வேறுபாட்டை நம் ஒலிமரபு தானாகவே காட்டிவிடுகிறது: நைட்ரைடு என்றால் நைட்ரஜன் மட்டும், நைட்ரைட்டு என்றால் இரண்டு ஆக்சிஜனோடு. இன்று பலர் உகரத்தை வெட்டி ‘நைட்ரைட்’, ‘சல்பைட்’ என்று புள்ளியோடு நிறுத்திவிடுகிறார்கள். அயல்மொழிப் பெயருக்கு உகரம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. மற்ற சொற்களில் அது விருப்பம். இங்கே அதுதான் பொருள். புட்டியில் ‘சோடியம் சல்பைட்’ என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அமிலம் பட்டதும் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவைத் தரும். சல்பைட்டு கந்தகம் எரியும் நெடியுள்ள சல்பர் டை ஆக்சைடைத் தரும். எதற்கு ஆயத்தமாவது என்று அந்தப் புட்டி சொல்லாது.