பாட்டுக்கு பேஸ்மட்டம் போடுறவங்க! - நாலு கம்பிக்காரர்களின் கிண்டலும் கிட்டாரும்

'பனி விழும் மலர்வனம்' பாடலை உங்கள் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை ஓட விடுங்கள். எஸ்.பி.பி-யின் குரல் தெளிவாகக் கேட்கும். அடுத்து, ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே பாடலைக் கேளுங்கள். குரலுக்குக் கீழே, தடித்த ஒலி ஒன்று தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டே நடந்து வரும். 1982-ல் 'நினைவெல்லாம் நித்யா' வெளியான நாளிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை. அதுதான் பேஸ் கிட்டார்!

போனில் ஏன் கேட்கவில்லை? பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி, ஒரு நொடிக்கு சுமார் 41 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காதுக்குக் கொண்டுவர நிறைய காற்றைத் தள்ள வேண்டும். விரல் நகம் அளவிலான போன் ஸ்பீக்கருக்கு அந்தத் தெம்பு கிடையாது. கூடவே எழும் மேல் அதிர்வுகளை மட்டும் அது தருகிறது. மிச்சத்தை நம் மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் பேஸ் வாசிப்பவர்கள், "எங்க முதல் எதிரியே உங்க கையில இருக்கிற போன்தான்" என்று சிரிக்கிறார்கள்.

வீடு கட்டும் மேஸ்திரிகள் 'பேஸ்மட்டம்' என்பார்களே... பாட்டில் இந்தக் கருவிக்கு அந்த வேலைதான். கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் பேஸ்மட்டத்தைப் பாராட்டுவதில்லை. அது ஆட்டம் கண்டால் மட்டும் ஊருக்கே தெரிந்துவிடும்!

"ரெண்டு கம்பிக்குக் காசு இல்லையா?"

வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிப்பு என்றிருக்கும் பொழுதுபோக்குக் கலைஞர்கள் கூடும் இடத்தில், எல்லோருடைய கிண்டலுக்கும் ஆளாகிறவர் பேஸ்காரர்தான். "ஆறு கம்பி வாங்கப் போய், காசு பத்தாம நாலு கம்பி வாங்கிட்டு வந்துட்டான்" என்பது ஆரம்பப் பாடம். "லீட் கிட்டார் வராதவனுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு" என்பது அடுத்த பாடம். குரூப் போட்டோவில் பாதி முகம் வெட்டுப்பட்டவர் யார் என்று பார்த்தால், அவர் தோளில் நிச்சயம் பேஸ் தொங்கும்.

உலகம் முழுக்கச் சுற்றும் ஒரு ஜோக்கும் உண்டு. ஒரு தீவுக்குப் போகிறார் ஒருவர். அங்கே ராத்திரி பகலாக முரசு அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். "இது எப்பங்க நிக்கும்?" என்று கேட்டால், ஊர்க்காரர்கள் பயந்து நடுங்குகிறார்கள். "ஐயோ, நிக்கவே கூடாது. நின்னா பெரிய ஆபத்து!" "என்ன ஆபத்து?" "உடனே பேஸ் சோலோ ஆரம்பிச்சிடும்!"

இந்தக் கிண்டல்களுக்கு பேஸ்காரர்கள் கோபப்படுவதில்லை. அவர்கள் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது: பால் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1961-ல் விலகியபோது, அந்த இடத்துக்கு வர யாருக்கும் ஆசையில்லை. வேறு வழியில்லாமல் மெக்கார்ட்னி ஏற்றுக்கொண்டார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், வயலின் வடிவிலான ஒரு ஹாஃப்னர் பேஸை வாங்கினார். அவர் இடதுகைக்காரர். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வடிவம் என்பதால், திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது அவர் கணக்கு. 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து அது திருடுபோனது. தேடித் தேடி, அது அவர் கைக்குத் திரும்பி வந்த செய்தி 2024-ல்தான் வெளியானது. யாருக்கும் வேண்டாத வேலைக்கு வாங்கிய கருவியை 50 வருடம் கழித்தும் தேடியிருக்கிறார்கள்!

கண்டுபிடித்தவருக்கே கிட்டார் தெரியாது!

பேஸ் கிட்டாருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பிரமாண்டமான வயலின் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சத்தமாக ஒலிக்கும் மேடையில் அது எடுபடவும் எடுபடாது.

அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-ல் இதற்கு ஒரு தீர்வு கொடுத்தார். கிட்டார்போலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். கழுத்தில் உலோகக் கட்டைகள் இருப்பதால், விரல் வைத்த இடத்தில் சுரம் பிசகாது. அதனால்தான் அதற்கு 'பிரிசிஷன் பேஸ்', அதாவது துல்லியமான பேஸ் என்று பெயர். 1960-ல் அவர் நிறுவனமே 'ஜாஸ் பேஸ்' என்ற அடுத்த மாடலைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் தொங்கும் பெரும்பாலான பேஸ்கள் இந்த இரண்டின் வாரிசுகள். 'பி பேஸா, ஜே பேஸா?' என்ற சண்டை, பேஸ்காரர்களின் 'ராஜாவா, ரஹ்மானா?' சண்டை. இதில் பெரிய வேடிக்கை, லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது!

நம்ம ஊர் பேஸ்மட்டங்கள்

தமிழ் சினிமாவில் பேஸ் கிட்டாருக்குத் தனி நாற்காலி போட்டுக் கொடுத்தவர் இளையராஜா. ஒவ்வொரு கருவிக்கும் இசைக்குறிப்பைத் தாளில் எழுதிக் கொடுப்பவர் அவர். பேஸுக்கும் அப்படியே. அதனால் அவர் பாடல்களில் பேஸ், பின்னால் 'டும் டும்' என்று தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருக்காது. பாடகரோடு பேசும், சமயத்தில் எதிர்ப்பாட்டும் பாடும். அவர் குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். அந்த விரல்களை நாம் ஆயிரம் முறை கேட்டிருப்போம். பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

ரஹ்மான் பாடல்களின் ரசிகர்களுக்கு, சென்னையின் கீத் பீட்டர்ஸ் பெயர் பரிச்சயம். மும்பையைச் சேர்ந்த மோகினி டே, ரஹ்மானின் மேடைகளில் பேஸோடு முன்வரிசைக்கே வந்தவர். "பேஸ்காரங்க ஓரமாத்தான் நிக்கணும்" என்ற கிண்டல் அவரிடம் செல்லாது.

கிட்டார் வெளியிலிருந்து வந்ததுதான். தாழ்ந்த ஒலியின் மீதான மோகம் அப்படியல்ல. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவது, ஒலியைக் கனமாக்கிக் கீழே இறக்கத்தான். தருமபுரிப் பக்கத்துத் திருவிழாக்களில் பம்பை அதிர்வதைக் கேட்டிருக்கிறீர்களா? காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத்தான் அது கேட்கும். அந்த நெஞ்சு அதிர்வுதான் பேஸ் தருவதும்.

கம்பியை வேகவைக்கும் கூட்டம்

நாலு பேஸ்காரர்கள் டீக்கடையில் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும்? கருவிக்குத்தான். முதல் சண்டை, நாலு கம்பியா, ஐந்து கம்பியா? ஐந்தாவது கம்பி இன்னும் கீழே, நொடிக்கு 31 அதிர்வு வரை இறங்கும். "அந்தக் கம்பி கட்டைவிரல் வெச்சுக்கத்தானே?" என்பார் நாலு கம்பிக்காரர். பதிலுக்கு ஐந்து கம்பிக்காரர், "கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுற வரைக்கும் போகும், கேக்கறீங்களா?" என்பார்.

அடுத்தது கம்பி. புதுக் கம்பி பளிச்சென்று ஒலிக்கும். வியர்வையும் அழுக்கும் ஏற ஏற மந்தமாகிவிடும். பேஸ் கம்பி செட்டின் விலை சாதாரண கிட்டார் கம்பியைவிடப் பல மடங்கு. அதனால் பழைய கம்பியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அழுக்கை இளக்கி, துடைத்து மறுபடி மாட்டுகிற வித்தை உலகம் முழுக்க உண்டு. "எந்தப் பாத்திரத்துல வேகவைக்கிற? அம்மாவுக்குத் தெரியுமா?" என்ற கிண்டலும் கூடவே உண்டு.

இதற்கு நேரெதிர் ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற ஹிட் பாடல்களில் பேஸ் வாசித்தவர். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே அத்தனையும் வாசித்தார். விரலா, பிளெக்ட்ரமா, இரண்டு விரலா, மூன்று விரலா என்று சண்டை முற்றும்போது, "ஜேமர்சனுக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது" என்று யாராவது ஒருவர் சொல்வார். சபை அத்தோடு கலையும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு பேஸ்

சரி, இதைப் படித்துவிட்டு வீட்டில் யாருக்காவது ஆசை வந்துவிட்டது. ஊரோ பாப்பிரெட்டிப்பட்டி. என்ன செய்வது? மஞ்சவாடி கணவாயைத் தாண்டி சேலம் போகலாம். பொம்மிடியில் ரயில் ஏறி, சென்னை அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கப்பட்ட மியூஸி மியூசிக்கல் வரைக்கும் போகலாம். ஆன்லைனில் வாங்கலாம். எப்படி வாங்கினாலும், தொடக்கநிலை பேஸின் விலையே ஐந்து இலக்கம். நடுத்தரக் குடும்பத்துக்கு அது விளையாட்டுக் காசு அல்ல. அதனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

* யமஹா, ஐபனேஸ், கோர்ட், ஃபெண்டரின் சிக்கன பிராண்டான ஸ்கொயர்... இவற்றின் தொடக்கநிலை மாடல்களே முதல் சில ஆண்டுகளுக்குப் போதும். முதல் கருவிக்கு நாலு கம்பி நல்லது.

* பழைய கருவி வாங்கினால், கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். வில்லாக வளைந்திருந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். முறுக்கிக்கொண்டிருந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

* கை சின்னதாக இருக்கும் பிள்ளைகளுக்கு, வழக்கமான 34 அங்குலக் கம்பி நீளத்துக்குப் பதில் 30 அங்குல மாடல் இருக்கிறது. மெக்கார்ட்னியின் ஹாஃப்னரும் அந்தக் குட்டை வகைதான்.

* பேட்டரி போடும் 'ஆக்டிவ்' வகை என்றால், வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்கிவிடுங்கள். வயர் சொருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். மேடையில் நடுப்பாட்டில் பேட்டரி தீர்ந்தவரை நண்பர்கள் ஆயுளுக்கும் மறக்க விடமாட்டார்கள்.

* சாதாரண கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் பேஸைச் சொருகி, சத்தத்தைக் கூட்டாதீர்கள். ஸ்பீக்கர் கிழிந்துவிடும். வீட்டில் பழக, உள்ளங்கையில் அடங்கும் ஹெட்போன் ஆம்ப் போதும். அக்கம்பக்கமும் தூங்கும். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். ஒலி தாமதமாக வந்து தாளத்தைக் கெடுக்கும்.

* போன் ஆப்பில் சுருதி சேர்க்கும்போது தடித்த கம்பி பிடிபடவில்லையா? 12-வது கட்டைக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். ஆப் உடனே பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, விளையாட்டில்லாத விஷயம். 'உய்ய்ங்' என்ற இரைச்சல் வந்து, கம்பியைத் தொட்டதும் அடங்குகிறதா? எர்த் சரியில்லாமலும் இருக்கலாம். ப்ளக்கின் மூன்றாவது முள்ளை உடைத்துப் பயன்படுத்துவதோ, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுவதோ கூடவே கூடாது. மேடையில் கை உலோகக் கம்பியில் இருக்கும், உதடு மைக்கில் இருக்கும். ஒன்றில் கசிவு இருந்தால், மின்சாரம் வாசிப்பவரின் உடம்பு வழியாகப் போகும். ஆம்ப்ளிஃபயரையும் மைக் செட்டையும் எர்த் உள்ள ஒரே லைனில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். "பயந்தாங்கொள்ளி" என்று கிண்டல் செய்தால் செய்யட்டும்.

காலியாகும் நாற்காலி

கிண்டல்களில் ஒன்று மட்டும் பேஸ்காரர்களை உண்மையிலேயே சுடும். "பேஸ் எதுக்கு? கீபோர்டு இடது கையில வாசிச்சுக்கலாமே!" திருவிழா மேடைகளில் சம்பளக் கணக்குப் பார்க்கும் மெல்லிசைக் குழுக்கள் பலவற்றில், பேஸ் இப்போது கீபோர்டுக்குள் போய்விட்டது. சில மேடைகளில் பதிவுசெய்த ட்ராக் ஓடுகிறது. சுரம் வந்துவிடும். ஆனால், பாடகர் ஒரு வரியைக் கொஞ்சம் இழுத்துப் பாடினால், டிரம்ஸ்காரரின் கண்ணைப் பார்த்து அரை நொடி காத்திருந்து சேர்ந்து இறங்க ஒரு ஆள் வேண்டும். ட்ராக் காத்திருக்காது. அடுத்தவரைக் கேட்டபடியே வாசிப்பதுதான் பேஸ்காரரின் முழுநேர வேலை. விலை உயர்ந்த கருவியோ, ஐந்தாவது கம்பியோ அதைக் கற்றுத் தராது. நாலு பேரோடு உட்கார்ந்து, கிண்டல் வாங்கி, திருப்பிக் கொடுத்து, மறுபடி வாசித்துத்தான் அது வரும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு 'டும்... டும்...' என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கலாம். "இதுல பாட்டே வரலையேடா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாடிப் பாருங்கள். அந்த 'டும்' எதற்கு என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்!