பட்டாளத்துப் பிள்ளை

காரைக்குடியில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்தான். பயிற்சி முடிந்து விடுமுறைக்கு வந்த அவனைத் தந்தை சற்று உரக்க அழைத்தார். உண்டுகொண்டிருந்தவன் எழுந்து, கைகளை உடம்போடு ஒட்டி விறைத்து நின்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவன் தாயார் மட்டும் சிரிக்கவில்லை.

அத்தாயாரின் கவலை நியாயமானதே. பிற உயிரைக் கொல்லக் கூசுவது மனித இயல்பு. அக்கூச்சத்தை அடக்குவது போர்ப் பயிற்சியின் நோக்கங்களில் ஒன்று. ஒரே உடுப்பு, ஒரே நடை, ஒரே உத்தரவு என்று நாள்தோறும் பழக்கினால், அறிவு யோசிக்குமுன் கை இயங்கிவிடுகிறது. வட்டப் பலகைகளைச் சுட்டுப் பழகிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, 1950களில் திடீரென எழும்பும் மனித உருவங்களை இலக்காக வைத்தனர்.

ஆயினும் பயிற்சி அளிக்கும் நன்மையையும் மறுப்பதற்கில்லை. நம் செட்டிநாட்டார் கொண்டுவிக்கப் போன மலேயாவிலேயே அதற்குச் சான்று உண்டு. 1943 ஜூலை 12ஆம் தேதி, சிங்கப்பூரில் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் திரட்டிய 20 பெண்கள், சேலையுடுத்தி, கனத்த துப்பாக்கி ஏந்தி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தனர். அவ்வாண்டிலேயே ஜான்சி ராணிப் படை உருவாயிற்று. அதில் சேர்ந்தோரில் பலர் ரப்பர்த் தோட்டங்களில் துரைக்கும் கங்காணிக்கும் தலைகுனிந்து நின்ற தமிழ்ப் பெண்கள். போர்முனையில் நின்று பொருதும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. 1945இல் படை கலைந்தது. ஆகவே அவர்களிடம் உண்டான மாறுதல் பெரிதும் பாசறை வாழ்வின் விளைவே. 18 வயதில் சேர்ந்த ஜானகி தேவர், 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த பின்பும் தைரியம் அவரிடமே தங்கிற்று.

ஒரே பயிற்சி பயத்தையும் போக்குகிறது, கூச்சத்தையும் அடக்குகிறது. முன்னது வீட்டுக்கும் நாட்டுக்கும் வேண்டியது. பின்னது போர்க்களத்துக்கு மட்டுமே உரியது. மனிதனைச் சிப்பாயாக்கச் சில மாதங்கள் ஒதுக்கும் சர்க்கார், சிப்பாயை மீண்டும் மனிதனாக்க அத்தனை நாள் ஒதுக்குவதில்லை. அப்பொறுப்பு நம் வீடுகளின் மேல் விழுகிறது. விடுமுறையில் வரும் பிள்ளையிடம் வீரக்கதை கேட்டு நச்சரிக்க வேண்டாம். அருகில் அமர்ந்து, மெல்லிய குரலில், பழைய செல்லப் பெயரால் அழைத்துச் சோறிடுங்கள். அந்தத் தாயார் அன்று அதைத்தான் செய்தார். இரண்டாம் கவளத்தில் பிள்ளையின் தோள்கள் தளர்ந்தன.