கண்ணாடியில் தெரிந்த நாகம்

சாகசப் படம் ஒன்றை நான்காம் முறை, ஐந்தாம் முறை பார்ப்பவருக்குக் கதை மனப்பாடமாகியிருக்கும். அதனால் அவர் கண் திரையின் ஓரங்களுக்குப் போகிறது. தூணில் செதுக்கிய உருவம், சுவரில் தொங்கும் வரைபடம், நாயகனுக்குப் பின்னால் நடந்து போகும் துணை நடிகர் என எல்லாம் அப்போதுதான் தெரிய ஆரம்பிக்கும். இப்படிக் கண்ணில் படுபவற்றில் சில படக்குழு வேண்டுமென்றே வைத்தவை; சில கவனிக்காமல் விட்டவை. ஒரு படம் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு இரண்டுமே தடயங்கள். இவ்வகைத் தடயங்கள் நிறைந்த படங்களில் ஒன்று, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1981 ஜூனில் அமெரிக்காவில் வெளியான 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்'. ஹாரிசன் ஃபோர்டு இந்தியானா ஜோன்ஸ் என்ற தொல்லியல் பேராசிரியராக நடித்து, பைபிள் சொல்லும் உடன்படிக்கைப் பெட்டியை நாஜிகளுக்கு முன்பாகத் தேடிப் போகும் படம் அது. 1983 இறுதியில் அது வீடியோ கேசட்டாக வந்தது. வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்க்கும் வசதி கிடைத்ததும் ரசிகர்களின் துப்பறியும் வேலை சூடுபிடித்தது.

முதல் முறை பார்க்கையில் இவை ஏன் கண்ணில் படுவதில்லை? திரையில் முகமோ அசைவோ எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஏறக்குறைய எல்லோருடைய பார்வையும் குவிகிறது. ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும்போது மூளை கதையின் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிடுகிறது. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பெயர்பெற்றது. மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசும் இரு பெண்களைக் குறும்படமாக எடுத்தார்கள். ஷாட் மாறும்போதெல்லாம் வேண்டுமென்றே எதையாவது மாற்றினார்கள். கழுத்துத் துணி காணாமல் போனது, தட்டுகளின் நிறம் மாறியது. இப்படி மொத்தம் 9 மாற்றங்கள். பார்த்த 10 பேரில் ஒருவர்தான் ஏதோ மாறியதாகச் சொன்னார். மாற்றங்கள் உண்டு என்று எச்சரித்துவிட்டு மறுபடி போட்டுக் காட்டியபோதும் சராசரியாக இரண்டைத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரே படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் புதிதாக ஏதாவது அகப்படுவதன் ரகசியம் இதுதான்.

மாற்றங்கள் நுழைவதற்குக் காரணம் படப்பிடிப்பின் முறை. திரையில் இரண்டு நிமிடம் ஓடும் காட்சியை நாள்கணக்கில், முன்பின் மாற்றி, பல கோணங்களில் எடுப்பார்கள். காலையில் எடுத்த ஷாட்டில் பாதி காலியாக இருந்த கோப்பை மாலையில் எடுத்ததில் நிரம்பியிருக்கும். இதைக் கண்காணிப்பதற்கென்றே ஒருவர் குறிப்பேட்டுடன் செட்டில் உட்கார்ந்திருப்பார். நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் உதவி இயக்குநர்கள் 'கன்டின்யூட்டி' பார்ப்பது என்று சொல்லும் வேலை அது. அவர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும் கடைசி முடிவு படத்தொகுப்பாளருடையது. நடிப்பு நன்றாக அமைந்த டேக்கும் கோப்பை சரியாக இருக்கும் டேக்கும் வேறுவேறாக இருந்தால், அவர் நடிப்பைத்தான் எடுப்பார், அதுவே சரி. இந்தப் படத்தைத் தொகுத்த மைக்கேல் கான் அதற்காக ஆஸ்கர் வாங்கினார். பிழை வேட்டைக்காரர்கள் பட்டியலிடும் தொப்பி, சட்டைப் பொத்தான் வகையறாக்கள் பெரும்பாலும் இப்படி வந்தவை. அவற்றில் சுவாரசியம் குறைவு.

தந்திரக் காட்சிகளின் தடயங்கள் அப்படியல்ல. ஆன்மாக்களின் கிணறு என்ற பாம்புகள் நெளியும் நிலவறையில் ஜோன்ஸ் விழுகிறார். முகத்துக்கு நேராக நாகம் படமெடுக்கிறது. நாகம் உண்மையானது. எனவே இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் இந்தக் காட்சியை எடுத்தபோது நடிகருக்கும் நாகத்துக்கும் நடுவே கண்ணாடித் தகடு ஒன்றை நிறுத்தினார்கள். தெளிவான கண்ணாடியும் தன்மேல் நேராக விழும் ஒளியில் பரப்புக்கு ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒளி சாய்வாக விழுந்தால் இன்னும் அதிகம். வெளிச்சமான இடத்தில் இந்தப் பிரதிபலிப்பு தெரியாது. கிணற்றுக் காட்சியோ தீப்பந்த வெளிச்சத்தில் நடப்பது, பின்னணி இருட்டு. ஒளி விழுந்த நாகம் கண்ணாடிக்கு மிக அருகில் இருந்ததால் அதன் பிம்பம் இன்னொரு நாகம்போல் கண்ணாடியில் எழுந்தது. திரையரங்கில் சட்டென்று கடந்து போனதை வீட்டில் கேசட்டை நிறுத்திப் பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அதே கிணற்றில், விலங்கியல் தெரிந்தவர்கள் சிரிக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. தரையை மூடும் அளவுக்குப் பாம்புகள் வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொட்டினார்கள். அவற்றில் பல பாம்புகளே அல்ல, காலற்ற பல்லிகள். தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை வாழும் ஷெல்டோபுசிக் என்ற இந்த இனம் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், கடித்தால் விஷமில்லை. பாம்புக்கு இமை கிடையாது, வெளியே தெரியும் காதுத் துளையும் கிடையாது. இந்தப் பல்லிக்கு இரண்டும் உண்டு. அண்மைக் காட்சிகளில் தலையின் பக்கவாட்டை உற்றுப் பார்த்தால் காதுத் துளை தெரியும்.

பாலைவனத்தில் நடக்கும் லாரித் துரத்தல் இந்தப் படத்தின் உச்சம். ஓடும் லாரியின் முன்பக்கத்திலிருந்து ஜோன்ஸ் கீழே நழுவி, வண்டிக்கு அடியில் புகுந்து, பின்னால் இழுபட்டு மறுபடி ஏறுகிறார். ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில் யாகிமா கனுட் குதிரைகளுக்கு அடியில் புகுந்து செய்த சாகசத்துக்கு இது மரியாதை. லாரிக்கு அடியில் போனவர் ஹாரிசன் ஃபோர்டுக்கு டூப்பாக வந்த டெர்ரி லியனார்டு. அவர் உடல் நசுங்காமலிருக்க லாரியின் அடிப்பாகத்தைச் சற்று உயர்த்தினார்கள். சாலையின் நடுவே நீளமாகப் பள்ளமும் வெட்டினார்கள். தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்தப் பள்ளம் தெரியும். தொடக்கக் காட்சியில் ஜோன்ஸைத் துரத்தும் ராட்சதப் பாறை கண்ணாடி இழையால் செய்தது. ஆனாலும் அது மேலே ஏறினால் எலும்பு முறியும். அதற்கு முன்னால் ஓடியது ஃபோர்டேதான்.

எதிர்பாராத இடைஞ்சல்களும் படத்தில் பதிந்திருக்கின்றன. கெய்ரோ தெருவில் கறுப்பு உடைக்காரர் வாளைச் சுழற்றிக் காட்ட, ஜோன்ஸ் அலுப்புடன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுவார். திரைக்கதையில் இருந்தது சாட்டைக்கும் வாளுக்கும் இடையே ஒரு நீண்ட சண்டை. படப்பிடிப்பு நடந்த துனிசியாவில் ஃபோர்டு வயிற்றுப்போக்கால் துவண்டுபோயிருந்ததால் அது ஒரே குண்டாகச் சுருங்கியது. அந்த அலுப்பில் பாதி நடிப்பல்ல. அங்கே கூரைகள்மீது தொலைக்காட்சி ஆன்டெனாக்கள் வரிசையாக நின்றன. கதை நடப்பதோ 1936-இல். வீடு வீடாகப் போய் நூற்றுக்கணக்கான ஆன்டெனாக்களைக் கழற்றச் சொன்னார்கள். வெற்றி பெற்ற கவனம் யார் கண்ணிலும் படாது. ரசிகர்களின் பட்டியலில் இதற்கு இடமில்லாமல் போனது அதனால்தான்.

காதுக்குக் கிடைக்கும் விவரங்கள் இன்னும் வளமானவை. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், பாறை உருளும் ஓசைக்காக ஹோண்டா சிவிக் காரின் இன்ஜினை அணைத்து, சரளைச் சரிவில் உருளவிட்டுப் பதிவு செய்தார். பாம்புகள் நெளியும் ஈரமான சத்தம், பாத்திரத்தில் இருந்த சீஸ் கலந்த உணவில் விரல்களை விட்டு அளைந்தது. உடன்படிக்கைப் பெட்டியின் மூடி கரகரத்து நகரும் ஒலியோ கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் மூடி. புனிதப் பெட்டிக்கு அந்த ஒலியா என்று கேட்கலாம். காதுக்குத் தேவை கனமான பீங்கான் உரசல், அது எங்கே கிடைத்தால் என்ன!

லாரிச் சண்டையில் ஒரு நாஜி வீரர் விழும்போது கேட்கும் அலறலுக்கு வரலாறே உண்டு. 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' (1951) என்ற படத்தில் சதுப்பு நிலத்தில் முதலை இழுத்துச் செல்லும் மனிதனுக்காகப் பதிவு செய்யப்பட்ட அலறல் அது. குரல் பெரும்பாலும் நடிகர் ஷெப் வூலியுடையது என்கிறார்கள். 1953-இல் வந்த மற்றொரு படத்தில் வில்ஹெம் என்ற சிப்பாய் அம்பு பட்டு அலறுவதற்கும் அதையே போட்டார்கள். ஸ்டுடியோக் கிடங்கில் கிடந்த அந்தப் பதிவைத் தேடியெடுத்த பர்ட், அதற்கு 'வில்ஹெம் அலறல்' என்று பெயரிட்டு 1977-இன் 'ஸ்டார் வார்ஸ்' தொடங்கித் தன் படங்களில் தவறாமல் ஒளித்து வைத்தார். மற்ற ஒலிப்பதிவாளர்களும் சேர்ந்துகொள்ள, அது தொழிலின் பொதுச் சொத்தாகிவிட்டது.

படத்தின் கதையை உருவாக்கியவர்களில் ஒருவர் 'ஸ்டார் வார்ஸ்' படைத்த ஜார்ஜ் லூகாஸ். எனவே அந்தப் படத்தின் வாசனையும் அங்கங்கே வீசுகிறது. கிணற்றின் தூண் ஒன்றில் எகிப்தியச் சித்திர எழுத்துகளுக்கு நடுவே ஆர்2-டி2, சி-3பிஓ என்ற இரு ரோபோக்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தொடக்கத்தில் ஜோன்ஸ் தப்பிச் செல்லும் நீர்விமானத்தின் பதிவு எண் ஓபி-சிபிஓ. 'ஸ்டார் வார்ஸ்' முதியவர் ஓபி-வானையும் சி-3பிஓ ரோபோவையும் குறிக்கும் குறும்பு இது. இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. பெரு நாட்டு விமானங்களுக்கு உரிய முன்னெழுத்தும் 'ஓபி'தான். காட்சி நடப்பதும் பெருவில். நகைச்சுவைக்காக உண்மை பலியாகவில்லை. ஒளித்து வைத்த குறும்புகளில் உயர்ந்த ரகம் இது.

கதைக்கே உரிய நுணுக்கங்கள் வேறு. நேபாளத்து மதுக்கடையில் டோட் என்ற நாஜி உளவாளி, பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கோலின் உச்சியில் பொருத்த வேண்டிய பதக்கத்தை, அது நெருப்பில் பழுக்கக் காய்ந்திருக்கும்போது, கையால் பிடித்துச் சுட்டுக்கொள்கிறார். பிறகு அவர் வணக்கம் செலுத்தக் கையை உயர்த்தும்போது உள்ளங்கைத் தழும்பில் பதக்கத்தின் ஒரு பக்க அச்சு தெரிகிறது. நாஜிகள் தவறான இடத்தில் தோண்டுவதன் காரணம் அந்த ஒரு நொடிக்குள் முழுதாக இருக்கிறது: பதக்கத்தின் மறுபக்கத்தில் இருந்த திருத்தம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் கோலின் உயரம் 6 கடம், அதாவது சுமார் 72 அங்குலம் என்கிறது. மறுபக்கம் அதில் ஒரு கடம் குறைக்கச் சொல்கிறது. கணக்குப் போட்டால் 60 அங்குலம், 5 அடி. ஆனால் வரைபட அறையில் ஜோன்ஸ் ஊன்றும் கோல், ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஃபோர்டையே தாண்டி நிற்கிறது! இவ்வளவு அழகாகப் பின்னிய முடிச்சில் இப்படி ஓர் ஓட்டை.

காலப் பிழைகள் வரலாற்று ஆர்வலர்களின் பங்கு. 1936-இல் நடக்கும் கதையில் விமானப் பாதை காட்டும் வரைபடத்தில் தாய்லாந்து என்ற பெயர் இருக்கிறது. அந்த நாடு 1939 வரை சயாம். ஜெர்மன் வீரர்களின் எம்.பி.40 துப்பாக்கி, பெயரே சொல்வதுபோல், 1940-ஆம் ஆண்டுக்குரியது. ஜோன்ஸ் பசிபிக்கைக் கடக்க ஏறும் பறக்கும் படகு, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிரிட்டனில் செய்யப்பட்ட ஷார்ட் சொலன்ட் வகை. நீர்மூழ்கிக் கப்பல், 'தாஸ் போட்' என்ற ஜெர்மன் படத்துக்காகச் செய்த மாதிரியை பிரான்ஸின் லா ரொஷேல் துறைமுகத்தில் வாடகைக்கு எடுத்தது. அதுவும் போர்க்கால வகைதான். இவற்றைப் பிழை என்று தள்ளுவது கடுமை. கிடைத்ததை வைத்துத்தான் படம் எடுக்க முடியும்.

தொடரின் அடுத்த படங்கள் இந்த விளையாட்டைத் தெரிந்தே ஆடின. 'டெம்பிள் ஆஃப் டூம்' (1984) ஷாங்காயில் கிளப் ஓபி வான் என்ற நடன விடுதியில் தொடங்குகிறது. அதில் இரு வாள்வீரர்கள் எதிர்ப்பட, ஜோன்ஸ் பழைய நினைவில் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகிறார். உறையில் துப்பாக்கி இல்லை. பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். கதையோ 1935-இல், அதாவது முதல் படத்துக்கு ஓராண்டு முன்பு நடக்கிறது. நினைவுகூர ஜோன்ஸுக்கு இன்னும் எதுவும் நடந்திருக்கவில்லை! 'லாஸ்ட் க்ரூசேட்' (1989) படத்தில் வெனிஸ் நகரச் சுரங்கச் சுவரில் உடன்படிக்கைப் பெட்டியின் ஓவியம் வருகிறது. 2008-இல் வந்த நான்காம் படத்தில் கிடங்கில் உடைந்த மரப்பெட்டி ஒன்றின் இடுக்கில் அந்தப் பெட்டியே தெரிகிறது. முதல் படத்தின் முடிவில் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் அந்தக் கிடங்கு, மைக்கேல் பங்ராசியோ கண்ணாடியில் தீட்டிய ஓவியம். தள்ளுவண்டியுடன் நடந்து போகும் ஆள் மட்டும் நிஜம்.

'டெம்பிள் ஆஃப் டூம்' தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. வட இந்தியாவில் எடுக்கத் திட்டமிட்டு, இந்திய அரசு திரைக்கதையில் மாற்றம் கேட்டதால், படக்குழு இலங்கைக்குப் போயிற்று. கிராமக் காட்சிகளும் தொங்குபாலமும் கண்டிப் பகுதியில் எடுக்கப்பட்டவை. அருகில் விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பொறியாளர்களே பாலத்தை அமைக்க உதவினார்கள். கதைப்படி அது இந்தியக் கிராமம்; ஆனால் மக்கள் பேசுவது சிங்களம். ஊர்ப் பெரியவராக வருபவர் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார. ஹாலிவுட் ரசிகர்கள் எத்தனை முறை நிறுத்திப் பார்த்தாலும் பிடிபடாத இந்த விவரம் இலங்கைத் தமிழர் எவருக்கும் முதல் வசனத்திலேயே தெரிந்துவிடும்.

2003-இல் இந்தத் தொடர் டிவிடியாக வந்தபோது நாகத்தின் பிரதிபலிப்பைக் கணினியில் அழித்துவிட்டார்கள். படம் சுத்தமானது உண்மைதான். ஆனால் நடிகரும் நாகமும் நிஜமாகவே எதிரெதிரே இருந்தார்கள் என்பதற்கான சாட்சியும் அதோடு போயிற்று. பாதுகாக்கத் தகுந்த படம் என்று அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேடு இதை 1999-இல் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பிம்பம் படத்தில்தான் இருந்தது. பழைய கேசட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம்.