மண் போடும் சத்தம்

“ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து கண்ணிவெடிகளை வானத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, பிறகு ஏன் இலங்கையில் இன்னும் ஆட்கள் மண்டியிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்?” செங்கல்பட்டு வாசகர் ஒருவரின் கேள்வி இது.

ட்ரோன் செய்திகள் பொய்யல்ல, ஆனால் அவை பாதிக் கதை. மண்ணும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு வேகத்தில் சூடேறி, வெவ்வேறு வேகத்தில் ஆறும். இதை வைத்து, தரைமேல் சிதறிக் கிடக்கும் வண்ணத்துப்பூச்சி வடிவச் சிறு வெடிகளை வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனால் அடையாளம் காண முடியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ஏ9 சாலையில் இருக்கும் முகமாலையில் வெடிகள் தரைமேல் கிடக்கவில்லை. ராணுவமும் விடுதலைப் புலிகளும் நேருக்கு நேர் நின்ற அந்த முன்னரங்கில் இரு தரப்பும் மாறிமாறிப் புதைத்த மிதிவெடிகளின் மேல் மழை பெய்து, புதர் மண்டி, வேர் ஓடிவிட்டது. பாகிஸ்தான் தயாரிப்பான பி4 என்ற மிதிவெடி உள்ளங்கையில் அடங்கிவிடும் பிளாஸ்டிக் டப்பா. அதைப் பார்த்துப் புலிகள் தாங்களே செய்துகொண்டது ரங்கன் 99. மரப்பெட்டிக்குள் வைத்துச் செய்தது ஜொனி 95. பி4 போன்றவற்றில் உலோகம் என்று சொல்ல இருப்பது மிகக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கையளவு உயரத்தில் கருவியைப் பிடித்துக்கொண்டு தேடுவதே இன்றைக்கும் நம்பகமான வழி.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1-க்குள் நாடு முழுவதும் சுத்தமாக வேண்டும். இதற்கு முன் வகுத்த தேசியத் திட்டம் 2020-ஐ இலக்காக வைத்துத் தவறவிட்டது. தமிழ்நாட்டுக்கு இது அயல்நாட்டுச் செய்தி அல்ல. இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். அவர்களில் ஊர் திரும்ப நினைப்பவருக்கு, தன் காணியில் கால் வைக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி.

வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? ஆள் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை என்று காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு: மண்ணே கருவியிடம் பொய் சொல்கிறது. அதைப் புரிந்துகொள்ள முகமாலைக்குப் போக வேண்டியதில்லை, செங்கல்பட்டு மாவட்டமே போதும்.

உலோகம் தேடும் கருவியின் வட்டச் சுருளில் மின்சாரம் பாய்ந்து சட்டென்று அறுபடுகிறது. விநாடிக்கு நூற்றுக்கணக்கில், சில கருவிகளில் ஆயிரக்கணக்கில், இந்தத் துடிப்பு நிகழும். காந்தப்புலம் திடீரென மறையும்போது அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அடங்குகிறது. அந்த அடங்கலைக் கருவி கேட்கிறது. வெடியின் சிறு உலோகத் துண்டில் அது சில மைக்ரோ விநாடிகளில் முடிந்துவிடும். இதுவரை பள்ளிக்கூடப் பாடம்தான்.

சிக்கல் செம்மண்ணில் தொடங்குகிறது. செங்கல்பட்டு வட்டாரத்தின் செம்புறை மண்ணை அறிவியல் உலகம் வேறொரு காரணத்துக்காக அறியும். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இத்தகைய செம்புறைச் சரளைக் குழியில்தான். வெயிலும் மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் பாறையைத் தின்று, இரும்பை மட்டும் மிச்சம் வைத்த மண் இது. அந்த இரும்பில் ஒரு சிறு பகுதி, நானோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய காந்தத் துகள்களாக இருக்கும். ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். கருவியின் புலம் அவற்றை ஒரு திசையில் திருப்புகிறது. புலம் மறைந்ததும், மண்ணின் வெப்பத்தால் ஏற்படும் அதிர்வு அவற்றை மறுபடி கலைத்துப் போடுகிறது. கலைவதற்கு எவ்வளவு நேரமாகும்? வியப்பு இங்கேதான். துகளின் கன அளவு சீராகக் கூடினால், கலையும் நேரம் மடங்கு மடங்காகப் பெருகுகிறது. சில நானோமீட்டர் பெரிதானாலே மைக்ரோ விநாடி என்பது மணிக்கணக்காகி, பிறகு யுகக்கணக்காகிவிடும். ஒரு பிடி மண்ணில் இந்த எல்லா அளவுத் துகள்களும் கலந்திருக்கும்.

பானைக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு முன் சாலையோரத்தில் அடுக்கியிருப்பார்களே, அப்படி. வாங்குபவர் பானையைத் தட்டிப் பார்த்துக் கீறல் உண்டா என்று காதால் கண்டுபிடிக்கிறார். ஒரு பானை என்றால் ஒரே மாதிரி ஒலித்து அடங்கும். இப்போது கடையிலுள்ள ஆயிரம் பானைகளையும் ஒரே நொடியில் தட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். விரலளவுக் கலயம் உரக்க ஒலித்துச் சட்டென்று அடங்கும். நெல் கொட்டும் குதிர் மெல்ல முனகி நெடுநேரம் இழுக்கும். நடுவில் எல்லா அளவுகளும் உண்டு. மொத்தக் கடையின் சத்தம் எந்தத் தனிப் பானையின் சத்தத்தையும் போலக் குறையாது. நேரம் இரண்டு மடங்கானால் சத்தம் பாதி, நான்கு மடங்கானால் கால் என்று, நேரத்துக்கு நேர் தலைகீழாகக் குறையும். அந்த இரைச்சலுக்குள் எங்கோ ஒரு பித்தளைச் செம்பையும் தட்டியிருக்கிறார்கள். அந்தச் செம்புதான் மிதிவெடி.

செம்பின் குரலைப் பிரித்தெடுக்க ஓர் அழகான கணக்கு இருக்கிறது. நேரத்துக்குத் தலைகீழாகக் குறையும் சத்தத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: 10-லிருந்து 20 மைக்ரோ விநாடி வரை மொத்தம் எவ்வளவு வருகிறதோ, 20-லிருந்து 40 வரையிலும் அதே அளவு வரும். ஆகவே முதல் இடைவெளியில் கேட்டதிலிருந்து இரண்டாவதில் கேட்டதைக் கழித்தால் மண்ணின் சத்தம் பூஜ்யமாகிவிடும். மண்ணில் காந்தத் துகள் குறைவோ அதிகமோ, கவலையில்லை. சட்டென்று அடங்கும் உலோகமோ முதல் இடைவெளியிலேயே பெரும்பகுதியைச் சொல்லி முடித்துவிடுவதால் கழித்த பிறகும் மிஞ்சும். மண் மௌனம், உலோகம் மட்டும் பேசும்.

ஆனால் இதே கணக்கில் ஒரு பொத்தல் இருக்கிறது. பத்து மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை 0.618 மடங்காகக் குறையும் உலோகத் துண்டு ஒன்று இருந்தால்? 10-ஆவது மைக்ரோ விநாடியில் 0.618, 20-இல் 0.382, 40-இல் 0.146. இப்படி மடங்கு விகிதத்தில் குறையும் சத்தத்தில், ஓர் இடைவெளியில் கேட்கும் மொத்தம் அதன் தொடக்க, முடிவு அளவுகளின் வித்தியாசத்தைப் பொறுத்தது. முதல் இரண்டின் வித்தியாசம் 0.236. அடுத்த இரண்டின் வித்தியாசமும் 0.236. கழித்தால் பூஜ்யம். மண்ணோடு சேர்ந்து அந்த உலோகமும் மறைந்துவிட்டது! பள்ளியில் படித்த தங்க விகிதம் இங்கே வந்து நிற்பது கணக்கை விரும்புகிறவர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். மண்டியிட்டு வேலை செய்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. உண்மையான கருவிகள் இரண்டு இடைவெளிகளோடு நிற்பதில்லை. பல இடைவெளிகளையும் வெவ்வேறு நீளத் துடிப்புகளையும் கலந்து இந்தப் பொத்தலைச் சிறிதாக்குகின்றன. இருந்தாலும் அடிப்படை விலை ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். மண்ணைக் கேட்காமல் இருக்கக் கருவியைப் பழக்கினால், சில உலோகங்களையும் அது குறைவாகவே கேட்கும். “எந்த மண்ணிலும் வேலை செய்யும்” என்ற விளம்பர வாசகத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான காரணம் தேவையில்லை.

வரலாற்றுக்கு ஒரு பத்தி. 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலுக்குள் இருந்த துப்பாக்கிக் குண்டை இத்தகைய கருவியால் தேடித் தோற்றவர் கிரகாம் பெல். ராணுவத்துக்குப் பயன்படும் வடிவம், ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்து அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கியால் இரண்டாம் உலகப் போரின்போது வந்து, 1942-ல் எல் அலமைன் போரில் கைகொடுத்தது. செம்மண் சிக்கலை உடைக்க வேண்டிய தேவை தங்கம் தேடுபவர்களுக்கும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் இரும்புச் சத்து மிகுந்த மண்ணுக்காகத் தங்கம் தேடும் கருவி செய்த அடிலெய்டின் மைன்லேப் நிறுவனமே கண்ணிவெடி தேடும் கருவிகளையும் செய்கிறது.

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்தால் பாடம் தலைகீழாகிறது. அலை வாரிப் போட்ட கருமணல் வரிகளில் காந்தத்தை இழுத்தால் கொத்தாக ஒட்டும். கருவிக்கு இது செம்புறையைவிட மோசமாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் அலையில் புரளும் மணிகள் பருமனானவை. அவை புலத்தோடு உடனே திரும்பி, புலம் மறைந்ததும் உடனே விட்டுவிடும். பின்னால் இழுத்துக்கொண்டு ஒலிப்பதில்லை. துடிப்பு முறைக் கருவி பெரும்பாலும் இதைப் பொறுத்துக்கொள்ளும். காந்தத்தில் அதிகம் ஒட்டாத செம்மண்தான் அதைத் திணறடிக்கக்கூடியது. இன்னும் நாலு அடி தள்ளிப் போனால் உப்புநீரில் நனைந்த மணல். அது மின்சாரத்தைக் கடத்துவதால் வேறு வகைச் சத்தம் போடும். ஒரே மாவட்டத்துக்குள் மூன்று நிலம், மூன்று விதமான பொய். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் செம்பாட்டு மண், மணல், களப்போர உவர்நிலம் என்று சில மைல்களுக்குள் நிலம் மாறும்.

இங்கிருந்துதான் உள்ளூர் நிர்வாகங்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனையை எடைபோட வேண்டும். “திறன் வளர்ப்பு” என்ற பெயரில் வரும் திட்டங்களில் கருவிப் பட்டியல் நீளமாகவும் மண் பற்றிய பேச்சு சுருக்கமாகவும் இருப்பது தவறான வரிசை. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் லாவோசிலும் மொசாம்பிக்கிலும் அந்தந்த ஊர் மண்ணிலேயே கருவிகளைச் சோதித்தது இதற்காகத்தான். அந்த வகை ஆய்வுகளிலிருந்து எளிய அளவு ஒன்றும் கிடைத்தது. முறையாகச் சரிசெய்த ஒரு கருவியைத் தரையை நோக்கி மெல்ல இறக்க வேண்டும். எந்த உயரத்தில் மண்ணின் சத்தத்தால் மட்டுமே அது ஒலிக்கத் தொடங்குகிறதோ, அந்த உயரம்தான் அளவு. உயரம் கூடினால் மண் கடினம். ஆய்வகம் வேண்டாம், பட்டம் வேண்டாம். உள்ளூர் இளைஞரோ இளம்பெண்ணோ ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு காணிக்கும் இந்த எண்ணைக் குறித்து வைத்தால், எங்கே எந்தக் கருவி, எங்கே கருவியே வேண்டாம் என்று முடிவெடுக்க முடியும்.

கருவியே வேண்டாம் என்ற முடிவும் உண்டு. இலங்கையின் வடக்கில் நெகிழ்வான மண்ணில், தோட்டத்தில் சருகு வாரும் வகைப் பல்வாரியைக் கொண்டு மண்ணை அடுக்கடுக்காகக் கிளறி வெடியை வெளியே எடுக்கும் முறை வேரூன்றியது. குண்டுச் சிதறல்கள் நிறைந்த போர்முனையில் கருவி அடிக்கு அடி ஒலித்துக்கொண்டே இருக்கும். வாரி அப்படிக் குழம்பாது. கம்போடியாவில் அபோபோ அமைப்பின் எலிகள் உலோகத்தை விட்டுவிட்டு வெடிமருந்தின் வாசனையைத் தேடுகின்றன. அவற்றில் மகாவா என்ற எலிக்கு 2020-ல் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இலங்கையில் வேலை செய்தவர்கள், செய்பவர்கள் பட்டியல் பெரியது. 2002 முதல் ஹேலோ டிரஸ்ட்டும் மேக் அமைப்பும் அங்கே இருக்கின்றன. இந்திய முன்னாள் ராணுவத்தினரின் ஹொரைசன், சர்வத்ரா அமைப்புகளும் களத்தில் இருந்தன. போருக்குப் பின் இந்திய அரசு ஏழு குழுக்களை அனுப்பியது. 2010-ல் தேசியக் கண்ணிவெடி நடவடிக்கை மையம் அமைந்தது. கிளிநொச்சியில் அதன் வட்டார அலுவலகம் இருக்கிறது. டேஷ், ஷார்ப் என்ற இலங்கை அமைப்புகள் உருவாகி வெளிநாட்டவருக்கு இணையாக வேலை செய்கின்றன. போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் முகக்கவசமும் கனத்த மேலங்கியும் அணிந்து வெயிலில் இந்த வேலையைச் செய்கிறார்கள். மண்ணின் குணம் அவர்கள் விரல்களுக்குத் தெரியும். அந்த அறிவு நிர்வாகத்தின் ஏட்டில் ஏறுகிறதா என்பதுதான் கவலை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தபோது, பல நாடுகளில் கண்ணிவெடி அகற்றும் பணியும் நின்றுபோனது. பணம் வெளியிலிருந்து மட்டுமே வந்தால் திறமையும் அதோடு கலைந்துவிடும்.

கலையாமல் வைத்திருக்க முடியும் என்பதற்கு மாமல்லபுரம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்பு போன மக்கள் அவர்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்கள் துணை நின்றார்கள், ஆனால் தடம் பார்த்து வளை கண்டுபிடிக்கும் அறிவு இருளர்களுடையது. அரசு உரிமம், பதிவேடு, விஷத்தை வாங்கும் மருந்து நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்ததால் அது நிலைத்தது. அந்தச் சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

2028-க்குப் பிறகும் கிளறும் நிலத்தில் எங்கோ ஒரு மிதிவெடி தட்டுப்படும். முதல் உலகப் போரின் குண்டுகள் பெல்ஜியம், பிரான்ஸ் வயல்களில் இன்றும் உழவின்போது வெளிவருகின்றன. அப்போது விவசாயி யாரைக் கூப்பிடுவார், வருபவருக்கு அந்தக் காணியின் கதை தெரியுமா என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். மாவட்டச் செயலகம் தன் செலவுத் திட்டத்திலேயே ஒரு சிறு குழுவுக்குச் சம்பளம் ஒதுக்கலாம். கருவி பழுதானால் வெளிநாட்டுக்கு அனுப்பாமல் கிளிநொச்சியிலேயே சரிசெய்ய ஆள் வைக்கலாம். கையளிப்புப் பத்திரத்தில் அந்தக் காணியின் மண் அளவு, எந்த முறையில் எந்த ஆழம் வரை தேடினார்கள், என்ன எடுத்தார்கள் என்பதையெல்லாம் தமிழில் எழுதி, ஒரு பிரதியைக் காணிக்காரரிடமும் இன்னொன்றைப் பிரதேச செயலகத்திலும் வைக்கலாம்.